அப்பாவின் விமானமும் பச்சைப் பொட்டலமும்

தைபே
நவம்பர் 14

அன்புள்ள யாபிங்,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் இருமல், சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். குடும்பக் குழுவில் எதைப் போட்டாலும் அப்பா முதல் ஆளாகப் படித்துவிடுகிறார், ஃபோனில் பேசினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான். ராட்டர்டாமில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடாமல் சைக்கிளில் போகாதே.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்த கை சும்மா இருக்குமா, என் சோற்றுக் குக்கரை இரண்டு முறை பிரித்துவிட்டார். பிறகு யாரோ சொல்லி இந்த விமானம் ஓட்டும் விளையாட்டு தலைக்குள் புகுந்தது. கண்ணில் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் விமானி அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்குமாம். "பொம்மை ஆட்டம்னு நினைக்காதே, நிஜ விமானத்துல இருக்கிற ஒவ்வொரு சுவிட்சும் இதுல இருக்கு" என்றார். அதற்கென்று தனியாகப் பெரிய கணினி வேண்டும் என்றதும் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். எந்த விருந்திலும் இரண்டாவது கோப்பை காலியானதும் அவர் சொல்லும் கதைதானே: "விமானப்படைப் பரீட்சைக்குப் போனேன். பறக்கிறவனுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு இவங்க அப்பா ஒத்தைக் கால்ல நின்னார். சரி போகுதுன்னு இவளுக்காக வானத்தையே விட்டேன்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் அவர் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்து முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு நெஞ்சில் முள்தான். ஒரு கணினியாவது வாங்கிக் கொடுத்து அந்த முள்ளைப் பிடுங்கலாம் என்று நினைத்தேன்.

குவாங்ஹுவா மார்க்கெட்டில் மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடையில் மெல்லிசான மடிக்கணினியைக் காட்டி இதுவே போதும் என்றார்கள், அப்பாவும் தலையாட்டிவிட்டார், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது கடைக்காரப் பெண் பெய்ஷான், உன் வயதுதான் இருக்கும், நன்றாகக் கேள்வி கேட்டாள். "அங்கிளுக்குப் படகுல போனா வாந்தி வருமா?" என்றாள். லூடாவோ தீவுக்குப் போன படகில் அவர் பட்ட பாட்டை நான் சொன்னேன். "அப்போ கிராஃபிக்ஸ் கார்டுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க ஆன்ட்டி. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா படம் வரையணும். படம் ஒரு நொடி திக்கினாலும் அங்கிள் வயித்தைப் பிடிச்சிட்டு ஓடுவார்" என்றாள். நல்ல கார்டு, நிறைய ரேம், காற்று போக இடமுள்ள பெரிய பெட்டி என்று அவளே தேர்ந்தெடுத்துப் பொருத்தினாள். விசிறியில் என்ன நிற விளக்கு போடட்டும் என்று கேட்டதற்கு அப்பா, "எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்" என்று எரிந்து விழுந்தார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணினி வந்த அன்று, மெஷின் சொன்னபடி கேட்க அதன் தலையில் பச்சை குவாய்குவாய் நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைக்க வேண்டுமே, வேறு நிறம் வைத்தால் மக்கர் பண்ணுமாமே, அதை வாங்கத் தெருமுனைக் கடைக்கு அப்பாவே ஓடினார். லிஃப்ட் மோட்டார் அறைகளில் வைப்பதற்கு எப்போதும் அவருடைய கூட்டாளிதான் வாங்கி வருவார், இவர் போனது இதுவே முதல் முறை. பயபக்தியாக இரண்டு கையாலும் வைத்துவிட்டு, "பச்சைதான், தேதியும் பார்த்துட்டேன், ஆகஸ்ட் வரைக்கும் தாங்கும்" என்றார். பார்த்தால் பளிச்சென்று சிவப்பு. விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அதைப் பச்சை என்றுதான் நினைத்திருக்கிறார். தக்காளி வாங்க அவர் ஏன் போனதே இல்லை, மேஜையில் சட்டி கொதிக்கும்போது இறைச்சித் துண்டைத் தூக்கிக் காட்டி "வெந்துடுச்சா பாரு" என்று ஏன் என்னையே கேட்பார் என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றன. சோம்பேறித்தனம் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

மறுநாள் ஹுவாலியனில் இருக்கும் உன் பெரிய அத்தையை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டேன். "உனக்கு இது தெரியாதா? விமானப்படைக் கண் பரிசோதனையில சிவப்பும் பச்சையும் பிரிச்சுச் சொல்ல முடியலன்னு அவனைத் தள்ளிட்டாங்க. மூணு நாள் சோறு தொடல. அதுக்கப்புறம்தானே உன்னைப் பொண்ணு பார்க்கவே வந்தோம்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் அப்பா இப்போது உயிரோடு இல்லை, அவர் தலையில் பழியைப் போட்டு, என்னை முப்பத்தெட்டு வருஷம் குற்றவாளியாக உட்கார வைத்துவிட்டாரே! அன்று மத்தியானம் அவருக்கு நூடுல்ஸ் போட்டேனே தவிர முட்டை போடவில்லை.

ஆனால் அவர் விளையாடுவதைப் பார்த்தபோது அந்தக் கோபம் நிற்கவில்லை. நம் ஊர் ஸோங்ஷான் விமான நிலையத்தில் இறங்கப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் ஓடுபாதைக்கு முன்னாலேயே போய் மோதுகிறார். ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்கு எரியும், இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் உயரம் சரி, நான்கும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்வு. கையேட்டை நானும் படித்தேன், அவர் கண்ணுக்குத்தான் நான்கும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அவர் பார்ப்பதெல்லாம் திரையிலும் தெரியும் இல்லையா, ஐந்தாவது முறை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "நாலும் சிவப்பு, மேலே தூக்குங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, தூக்கினார். "இப்போ ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு. அப்படியே வாங்க." சக்கரம் தரையைத் தொட்டு விமானம் ஓடி நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அடியில் கன்னம் நனைந்திருந்தது. வெகு நேரம் கழித்துக் கழற்றி, பொட்டலத்தைப் பார்த்து, "அது என்ன நிறம்?" என்று கேட்டார். "பச்சை" என்றேன்.

போன ஞாயிறு உன் சித்தப்பா வீட்டு விருந்தில் வழக்கம்போல அந்தக் கதையை ஆரம்பித்தார். "இவளுக்காக" என்கிற இடம் வந்ததும் என்னைப் பார்த்தார், நிறுத்திவிட்டு ஒரு இறாலை உரித்து என் கிண்ணத்தில் வைத்தார். எனக்கு அது போதும் யாபிங், மனசு நிறைந்துவிட்டது. இப்போது தினமும் காலைக் கஞ்சி ஆனதும் இருவரும் பறக்கிறோம், நான் விளக்கு சொல்கிறேன், அவர் இறக்குகிறார். அடுத்த வாரம் ராட்டர்டாமில் இறங்குவதாக உத்தேசம், கூரையில் எதுவும் காயப்போடாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், கை நிறைய வேலையும் வாய் நிறையச் சிரிப்புமாக இருக்க வேண்டும். புத்தாண்டுக்குத் தவறாமல் வந்துவிடுங்கள். வந்ததும் கணினி மேல் இருப்பதைப் பார்த்து நீ வாயைத் திறப்பாய் என்று தெரியும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அது பச்சை. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

உன் அன்பு அம்மா,
சூ-மெய்