இரும்புக்குப் போகாத வண்டி

அண்ணா,

செவ்வாய்க்கிழமை மதியம் ஒண்டிக்கடை முக்கில் என் குஷன் கடை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நான் வேன் சீட்டு ஒன்றுக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. வந்தவர் இறங்கிப் பின்கதவை மேலே தூக்கினார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. காய்ந்த காப்பிக்கொட்டை, மிளகு, ஆரஞ்சுத் தோல், பழைய தோல் சீட்டு எல்லாம் ஒன்றாய்க் கலந்த வாசனை. இந்த மலையில் ஒரே ஒரு வண்டியின் பின்பக்கம்தான் அப்படி மணக்கும். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். உங்கள் ஸ்டேஷன் வேகன், அண்ணா. மூன்று வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று என் கண்ணைப் பார்த்து நீங்கள் சொன்ன அதே வண்டி.

நம்பரைப் பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தேன். பின்சீட்டின் இடது ஓரத்தைத் தடவியும் பார்த்தேன். நான் போட்ட இரட்டைத் தையல் ஒரு நூல் பிரியாமல் அப்படியே இருந்தது.

போன ஐப்பசி மழையில் நீங்கள் கண்ணை மூடியபோது கொட்டச்சேட்டில் உங்கள் வாசலில் நின்று நான் அழுத அழுகையை உங்கள் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். குஷன் கடை பாய்க்கு எதற்கு இத்தனை கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கண்ணீரைத் திருப்பிக் கேட்கலாம்போல் இருக்கிறது இப்போது.

அந்த வண்டியை நீங்கள் புதிதாக மலைக்கு ஏற்றி வந்த நாள் நினைவிருக்கிறதா? ஒண்டிக்கடையே கூடி நின்று சிரித்தது. நம் ஆட்களுக்குக் கார் என்றால் பின்னால் டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். உங்களுடையதோ கூரை கடைசிவரை நேராகப் போய் அப்படியே இறங்கியது. "ஏனுங்க, இத்தனை காசக் குடுத்து சவ வண்டியா வாங்குனீங்க?" என்று ஒருத்தர் உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார். நீங்கள் கோபப்படவில்லை. பின்கதவைத் திறந்து, "ஏறிப் படுத்துப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றீர்கள். மனுஷர் ஓடியே போய்விட்டார்.

நாடு முழுக்க அதே சிரிப்புதான் போலிருக்கிறது. கொஞ்ச வருஷத்தில் கம்பெனிக்காரன் அந்த மாடலையே நிறுத்திவிட்டான். சேலத்துப் புரோக்கர் ஒருவரிடம் விலை கேட்டுவிட்டு வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவர் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினீர்கள். "இத யாருங்க வாங்குவா? கம்பெனியே கையக் கழுவிட்டான். ஒரு கண்ணாடி ஒடஞ்சா மாத்துறதுக்குக் கண்ணாடி கெடைக்காது." போட்ட காசில் கால்வாசிகூட அவர் சொல்லவில்லை. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கடைசியில் சொன்னீர்கள்: "நம்ம வண்டிக்கு இனி நாமதானுங்க பாய் கம்பெனி."

அந்த 'நம்ம' என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான்.

ஆனால் நீங்களும் அப்படித்தானே நடந்துகொண்டீர்கள்? சேலத்தில் எனக்கு ஃபோம் எடுக்க வேண்டிய நாளெல்லாம் நீங்களும் காப்பி மூட்டையோடு இறங்குவீர்கள். திரும்பும்போது பின்சீட்டை மடக்கிவிட்டு ஆறடி ஃபோமை ஒரு மடிப்பு இல்லாமல் நீட்டிப் போட்டுக்கொண்டு வருவோம். மலையில் வேறு எந்தக் காரிலும் அது நடக்காது. எத்தனை பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது, தானாகவே தன்னைத் தூக்கிக்கொள்ளும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மிளகு மூட்டை ஒருபக்கம் சாய்ந்ததில்லை. முன்னால் தேக்கு நிறத்தில் மரப்பலகை, வெண்ணெய் நிறத்தில் தோல் சீட்டு, பின்னால் சாக்கு மூட்டை. கல்யாண மாப்பிள்ளை களத்து வேலையும் பார்த்த மாதிரி ஒரு வண்டி. எனக்கு அதன்மேல் ஆசை வந்ததில் என்ன அதிசயம்?

என் மனைவிக்குக் குடல்வால் வெடித்த அன்று மத்தியானம் நல்ல மழை. பஸ்ஸையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். செய்தி கேட்ட அரைமணியில் நீங்கள் கொட்டச்சேட்டிலிருந்து வந்து நின்றீர்கள். கடையிலிருந்த புது ஃபோமைப் பின்னால் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். சரிந்து கிடந்த மண்ணையும் கல்லையும் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனீர்கள். பிழைத்து எழுந்தபிறகு அவள் சொன்ன முதல் பேச்சே வண்டியைப் பற்றித்தான். "வலியில உசுரு போச்சுங்க, ஆனா ஒரு குலுக்கல் தெரியலீங்க."

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த நாளில் அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினோம். அங்கேதான் கேட்டேன். "அண்ணா, என்னைக்காவது இத விக்கிறதா இருந்தா மொதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கடன வாங்கியாச்சும் எடுத்துக்கறேன்." நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, "உங்ககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டங்க பாய் சொல்லப்போறேன்?" என்றீர்கள். நான் அதை வாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அது வாக்குதான்.

பிறகு ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். கையில் சாக்கில் சுற்றிய நீளமான ஒரு பொருள். பெஞ்சில் உட்காரக்கூட இல்லை. "வண்டி இரும்புக்குப் போயிடுச்சுங்க பாய். கியர்பெட்டி போச்சு, சாமான் எங்கயும் கெடைக்கல. இது மட்டும் உங்ககிட்ட இருக்கட்டும்." சாக்கைப் பிரித்தேன். பின்னால் சாமான் வெளியே தெரியாமல் இழுத்து மூடுகிற சுருள்திரை. அதன் துணியை நான்தான் இரண்டு தரம் மாற்றித் தைத்திருக்கிறேன். அதை மடியில் வைத்துக்கொண்டு அன்று கடையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று சொல்லவா? அதற்கப்புறம் சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் நான் பழைய இரும்புக் கடைகளுக்குள் போய்த் தேடினேன். ஒரு கதவாவது, ஒரு சீட்டாவது மிஞ்சியிருக்காதா என்று. ஒருதரம் வெண்ணெய் நிறத்தில் ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு ஓடினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு ஏதோ வண்டியுடையது, தையல் என்னுடையது இல்லை. கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அந்த நாட்களிலும் நீங்கள் என் கடைக்கு வந்தீர்கள், டீ குடித்தீர்கள், ஃபோம் மடிந்து வீணாய்ப்போகிறது என்று நான் புலம்பியதற்கு "அட, என்னங்க பண்றது" என்றீர்கள். எப்படி அண்ணா முடிந்தது உங்களால்?

செவ்வாய்க்கிழமை வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். நின்றுபோன மாடல் வண்டிகளைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறவர். வாய் கொள்ளாச் சிரிப்போடு கேட்டார். "ஏனுங்க பாய், என்னைய ஞாபகம் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன்.

"அஞ்சு வருசம் முன்னாடி இதே வண்டி இங்க தையலுக்கு நின்னுதுங்க. ஓனருகிட்டக் குடுங்கன்னு ஒரு சீட்டுல போன் நம்பர் எழுதி உங்க கையில குடுத்துட்டுப் போனேனுங்களே?"

எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

எங்கள் கடை எப்படிப்பட்ட கடை என்று உங்களுக்குத் தெரியும். மேலே எஸ்டேட்டுகளில் இருக்கிறவர்களுக்கு மருந்தோ சாவியோ துண்டுச் சீட்டோ எது வந்தாலும் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயங்கால பஸ்ஸுக்கு வருகிறவர் வாங்கிக்கொண்டு போவார். வாப்பா காலத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் தவறியதில்லை. தவறியது ஒன்றே ஒன்று. அன்று சாயங்காலம் வண்டியை எடுக்க வந்த நீங்கள், எப்போதும் கேட்பதுபோல், "யாராச்சும் ஏதாச்சும் குடுத்தாங்களா பாய்?" என்று கேட்டீர்கள். "ஒண்ணும் இல்லீங்கண்ணா" என்றேன். அவர் நம்பர் எழுதிய சீட்டு அப்போது தையல் மிஷின் இழுப்பறையில் நூல்கண்டுக்கு அடியில் இருந்தது. மறுவாரம் கிழித்துப் போட்டேன். என்ன விலையானாலும் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த விலைக்கு எதிரே நான் எங்கே நிற்பேன் என்ற பயம்தான் காரணம். வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன், இனிமேலாவது.

கோயம்புத்தூர்க்காரர் இதெல்லாம் தெரியாமல் பேசிக்கொண்டே போனார். "இன்னைக்கு நாடு முழுக்க இது எத்தனை இருக்குதுன்னு வெரல் விட்டு எண்ணிப்புடலாமுங்க. ஓடுனப்ப எவனும் சீண்டல. நிறுத்துனாங்க பாருங்க, அதுலதாங்க மவுசே வந்துது. இப்பப் புது வண்டி வெலைக்கு என்கிட்டக் கேக்குறாங்க." பிறகு நடந்ததையும் அவரே சொன்னார். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று இரண்டு வருஷம் காத்திருந்தாராம். அப்புறம் ஒருநாள் அடிவாரத்து டீக்கடையில் உங்கள் வண்டி நிற்பதைப் பார்த்து அவரே வந்து கேட்டிருக்கிறார். "பாய் கடையில நம்பர் குடுத்தனுங்களே, நீங்க கூப்பிடவே இல்லையேன்னு கேட்டேன். டீயக் குடிச்சு முடிச்சாரு. அப்புறம், வண்டிய எப்ப எடுத்துக்கறீங்கன்னாரு."

அதே டீக்கடை, அண்ணா. எனக்கு வாக்குக் கொடுத்த அதே டீக்கடை.

அங்கேயே நீங்கள் பஸ் பிடித்து மேலே வந்திருக்கலாம். என் கடைக்குள் நுழைந்து, "ஏனுங்க பாய், இப்படிப் பண்ணீட்டீங்களே" என்று கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம். நான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. சாவகாசமாக டீயைக் குடித்து முடித்தீர்கள். நான் ஒரு சீட்டை மறைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் ஒரு வண்டியையே மறைத்தீர்கள். மறைத்ததோடு நிற்காமல் கடைசிவரை என்னோடு சேர்ந்து அதற்குத் துக்கமும் கொண்டாடினீர்கள்.

கடைசியாக அவர் வந்த விஷயத்துக்கு வந்தார். "பின்னாடி சுருள்தெரை மட்டும் இல்லீங்க பாய். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி அவரே வெலையக் கொறைச்சுக்கிட்டாரு. அது இல்லாம இத முழு வண்டின்னு யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. எங்க தேடியும் கெடைக்கல. அவரு வீட்டுக்காரம்மாகிட்டக் கேட்டேன், சீட்டு வேலையெல்லாம் பாய்தான் பாப்பாரு, அங்க கேட்டுப் பாருங்கன்னாங்க."

தொலையவில்லை என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். வண்டியைக் குறைவிலைக்கு விற்றாவது அந்த ஒரு துண்டை எதற்கு எனக்கென்று எடுத்துவைத்தீர்கள்? பாவம், ஆசைப்பட்டான் என்றா? இல்லை, வண்டி இல்லாமல் திரையை மட்டும் வைத்துக்கொண்டு கிட என்றா? நான்கு நாளாய் இதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்க்கிறேன். பதில் சொல்ல வேண்டிய நீங்கள் கொட்டச்சேட்டு மண்ணுக்குள் இருக்கிறீர்கள். அண்ணிக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை.

"இருக்குதுங்களா பாய்?" என்று அவர் மறுபடியும் கேட்டார்.

அவர் தலைக்கு நேர் மேலே பரணில் இருந்தது. நீங்கள் சுற்றிக்கொடுத்த அதே சாக்கில். கையை நீட்டினால் எட்டும். எடுத்துக் கொடுத்திருந்தால் வண்டியாவது முழுசாகியிருக்கும். நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"அது இரும்புக்குப் போயிடுச்சுங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அது உங்கள் பேச்சு. சொல்லும் அதே, உட்காராமல் நின்ற விதமும் அதே. இவ்வளவு சுலபமாக வருமா என்று எனக்குப் பயமாக இருந்தது. அன்று உங்களுக்கும் இப்படித்தான் வந்ததா?

அவர் முகம் வாடிவிட்டது. பின்கதவை இறக்கி மூடினார், வாசனை நின்றுபோனது. போகும்போது ஒரு சீட்டில் நம்பர் எழுதி என் கையில் கொடுத்தார். "வேற எங்கயாச்சும் கெடைச்சாச் சொல்லுங்க பாய். உங்களத்தான் நம்பியிருக்கேன்."

இந்தச் சீட்டை நான் கிழிக்கவில்லை, அண்ணா. கூப்பிடவும் இல்லை. தினமும் காலையில் முந்தின நாள் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாற்றுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடையைத் திறக்கிறேன்.