வராந்தாவில் ஒரு வார்த்தைப்பாடு

நவம்பர் 23, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. புதன்கிழமைக்கான ரவிக்கை மின்விசிறிக்குக் கீழே.

ஆவூர் சர்ச்சில் பூசை. அப்பாவின் குரல் வழக்கம்போல எல்லோருக்கும் மேலே. பதிலுரைகளை அவர் சொல்வதில்லை, அறிவிக்கிறார்.

திரும்பும் வழியில் அதே பேச்சு. எனக்கும் கதிருக்கும் பதிவுத் திருமணம் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. கதிர் ஞானஸ்நானம் வாங்கட்டும், கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். கதிர் கதிராக, நான் நானாக. இது எங்கள் பக்கம்.

"மந்திரம் இல்ல, செபம் இல்ல. சரி. நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்து வார்த்தைப்பாடாவது குடுக்கணும்ல? வெறும் கையெழுத்துக்குப் பேரு கல்யாணமா? நெலத்தக் கிரயம் பண்ற மாதிரி."

"அங்கயும் ஒரு வரி சொல்லணும்பா."

"யாரு காதுல விழும் அது?"



அம்மா குடைக்குள்ளிருந்து: "திருவருகைக் காலம் பொறக்குறதுக்குள்ள முடியட்டும்." கிறிஸ்துமசுக்கு முந்தைய அந்த நாலு வாரம் எங்களில் கல்யாணம் வைப்பதில்லை. அரிமளத்தில் கதிரின் அம்மாவுக்கு மார்கழி பிறப்பதற்குள் முடிய வேண்டும். இரண்டு வீடும் ஒத்துப்போன ஒரே விஷயம், தேதி.

வாங்க: மாலை இரண்டு. சேஃப்டி பின். பாஸ்போர்ட் படம். லட்டா, ஜாங்கிரியா?

நவம்பர் 24, திங்கள்

நல்ல மழை. ஆனாலும் பள்ளி உண்டு. பிள்ளைகள் முகத்தில் மாவட்ட நிர்வாகத்தின் மேல் தீராத கோபம்.

விடுப்பு கேட்டேன். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்தாறா? அன்னைக்கு அரசியலமைப்பு நாளாச்சே டீச்சர். பதினோரு மணிக்கு முகவுரை வாசிக்கணும். வருசா வருசம் நீங்கதானே சொல்லிக்குடுப்பீங்க?"

"அன்னைக்குத்தான் சார் எனக்குக் கல்யாணம்."

"லீவு நாளாப் பாத்து வச்சிருக்கக் கூடாதா?" பிறகு எழுந்து கை கொடுத்தார். கொஞ்சம் வெட்கத்துடன்.

பல்கலைக்கழகத்தில் முகவுரையைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண். முகவுரையை யாரையாவது பார்த்துச் சொன்னதாக நினைவில்லை. பள்ளியிலும் கண் எப்போதும் பின்வரிசையில். யார் தள்ளுகிறது, யார் சிரிக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

விட்டு விட்டு மழை. ஜாங்கிரி என்று முடிவு.

சாட்சி மூன்று பேர் வேண்டும். இரண்டு அம்மாக்கள், கதிரின் நண்பன் ஒருவன். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார். மறுத்துவிட்டால் பிறகு அவராலும் அதிலிருந்து இறங்க முடியாது.

இட்லியைப் பிட்டுக்கொண்டே:

"ஒங்கம்மாவ வண்டியில கொண்டாந்து எறக்கிவிடுறேன். மழையில பஸ்ஸுக்கு நிக்க வேணாம். நான் உள்ள வர மாட்டேன்."

"சரிப்பா."

"கட்டாயப்படுத்தாத."

"இல்லப்பா."

கொஞ்சம் கட்டாயப்படுத்தியிருக்கலாமே என்பதுபோல் எழுந்து போனார்.

நவம்பர் 26, புதன்

பதிவு அலுவலகம். வராந்தா முழுக்க ஈரச் செருப்பு. நெட் வரவில்லை என்று காக்க வைத்தார்கள். அப்பா தூணோரம், தலையில் துண்டு. சொன்னபடியே உள்ளே வரவில்லை.

பதினோரு மணிக்கு அலுவலர் ஒரு தாளோடு வெளியே வந்தார். பின்னால் ஊழியர்கள், பத்திரம் எழுதுகிறவர்கள். உள்ளே நிற்க இடமில்லை. மாலையும் கையுமாக நின்ற எங்களைச் சுற்றித்தான் இடம்.

"எல்லாரும் வலது கைய நீட்டுங்க. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்க. இந்திய மக்களாகிய நாம்..."

அப்பா துண்டை இறக்கினார். செருப்பைக் கழற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். அதற்குப் பிறகு அலுவலருக்கு அடுத்தபடி அவர் குரல்தான். பூசைக் குரல். நீதி. நம்பிக்கை. வழிபாடு. தன்னுரிமை. ஒவ்வொன்றுக்கும் எங்கள் இருவரையும் பார்த்து ஒரு தலையசைப்பு.

அப்போதுதான் புரிந்தது. முகவுரையை எங்கள் கல்யாண வார்த்தைப்பாடு என்று நினைத்துவிட்டார்.

கதிரின் தோள் குலுங்கியது. கிள்ளினேன்.

உடன்பிறப்புரிமை என்று வந்ததும் அப்பா தயங்கினார். கதிரின் அம்மாவிடம் ரகசியமாக, அதாவது வராந்தா முழுக்கக் கேட்கும்படி:

"புருசன் பொண்டாட்டிக்கு ஒடம்பொறப்பு எதுக்குங்க சம்மந்தி?"

"அடிச்சுக்காம இருக்கத்தான் சம்மந்தி. சொல்லுங்க, விட்டுப்போவுது."

சொன்னார்.

நான் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதிருப்பேன். அத்தனை வருடம் வாசித்தது, இன்றுதான் காதில் விழுந்தது.

பிறகு மேசைமுன் நாங்கள் சொன்ன அந்த ஒரு வரி உண்மையிலேயே யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் அப்பா கேட்காமலே பேனாவை வாங்கியிருந்தார். மூன்றாவது சாட்சி அவர். நண்பன் ஜாங்கிரிப் பெட்டியோடு ஒதுங்கிக்கொண்டான்.

வெளியே அம்மாவிடம்: "நம்ம கோயில்லகூட பொண்ணு மாப்பிள்ள மட்டுந்தான் வார்த்தைப்பாடு குடுப்பாங்க. இங்கிட்டு ஆபீசே குடுக்குது, பாத்தியா?"

நவம்பர் 27, வியாழன்

வெயில். வாடகை வீட்டின் முதல் காலை. பால் பொங்கி அடுப்பெல்லாம்.

கதிர்: "சொல்லாத. சந்தோசமா இருக்காரு."

முடியவில்லை. எதற்குக் கை நீட்டினோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்து எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டால்? அதுவும் அவர் உரிமை. போன் செய்தேன். சொன்னேன்.

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ டிராக்டர்.

"அப்ப அது ஒங்க கல்யாணத்துக்குச் சொன்னது இல்ல."

"இல்லப்பா. நாட்டுல எல்லாரும் எல்லாருக்கும் சொல்றது."

"நம்பிக்க, வழிபாடுன்னு வந்துச்சே?"

"அது அவங்கவங்க விருப்பம்னு அர்த்தம்."

"மாப்பிள்ளைக்கும்?"

"அவருக்கும்."

மறுபடி டிராக்டர்.

"முன்னாடியே சொல்லியிருந்தா அந்த எடத்துல மட்டும் வாய மூடியிருப்பேன்டி. கைய வேற நீட்டித் தொலச்சிட்டேன்."

போனை மாற்றிப் பிடித்தேன்.

"சரி, ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் இங்கிட்டு வாங்க. நீ பூசைக்கு வா. அவரு வந்தா வரட்டும், இல்ல வீட்டுல இருக்கட்டும்."

"சரிப்பா."

"கார்த்திக மாசம். அவுக வீட்டுல கறி திம்பாங்களா? கேட்டுச் சொல்லு. இல்லன்னா சாம்பார் வைக்கச் சொல்றேன்."