இடது பின் சக்கரம்

என் அன்புக் கண்ணுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் உள்ள பழைய சண்டையைத் தவிர. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, விரலில் புதுக் காயம் எதுவும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில்தான் வாராவாரம் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இது போனில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை கண்ணு. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா அடுத்த அறையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார், ஒரு பக்கம்கூடப் புரளாது, காது முழுக்க நம் பக்கம்தான் இருக்கும். அதனால் அவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். மனசு பரபரவென்று இருக்கிறது, எழுத்து கோணலாக விழுந்தால் கண்டுகொள்ளாதே.

சங்கதி நீ அனுப்பிய அந்தக் கார்தான். என் வேலை என்னவென்று எத்தனை தடவைதான் கேட்பாய், எங்கள் பந்தயக் காரையே குட்டியாக, பிளாஸ்டிக் துண்டுகளாக அனுப்புகிறேன், ஒட்டிப் பார் என்று அனுப்பினாயே, அது. நானும் ஆசை ஆசையாய் ஒட்டி, வர்ணம் அடித்து, படம் பிடித்து அனுப்பினால், “அம்மா, இது ரேஸ் கார் இல்லம்மா, வெள்ளத்துல இறங்கப் போற ஜீப்பு” என்று சிரித்தாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆயுசெல்லாம் பல் செட் செய்தவள் நான். என் கையால் செய்த பல் எவர் வாயிலும் இப்படித் தூக்கிக்கொண்டு நின்றதில்லை. விட்டேனா பார் என்று அன்றே காரைத் திரும்பப் பிரித்துவிட்டேன்.

முதல் கோளாறு மேல்கூடு. அது அடித்தட்டில் முழுசாக உட்காரவே இல்லை, பின்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டினேன், அவிழ்த்ததும் பழையபடி எழும்பிவிட்டது. உடனே என் புத்தி எங்கே போகும், பல் பட்டறைக்குத்தான் போகும். பல் கடித்துப் பார்க்கச் சொல்லி நடுவில் வைப்போமே அந்த நீலத்தாள், அதில் ஒரு துண்டைக் கூட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்து அமுக்கினேன். புகைக்குழாய்க்கு நேர் மேலே, கூட்டின் உட்புறம் அழகாக நீலப் பொட்டு விழுந்தது. நீலம் விழுந்த இடத்தைத் தேய்ப்பதுதானே என் தொழில். தேய்த்தேன், மறுபடி வைத்துப் பார்த்தேன், மறுபடி தேய்த்தேன். கடைசியில் கூட்டை விளக்குக்கு நேரே பிடித்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது! இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் ஓட்டைதான். அப்போதுதான் உறைத்தது, பல்லில்தான் மேடாக இருப்பதைத் தேய்க்க வேண்டும், இங்கே குழாயை எது மேலே தூக்குகிறது என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றினேன். இன்ஜினுக்கு அடியில், துண்டுகள் கோத்து வந்த சட்டத்திலிருந்து வெட்டி எடுத்தபோது நான் சரியாகச் சீவாமல் விட்ட ஒரு பிசிறு, கடுகளவுதான் இருக்கும், மொத்த இன்ஜினையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு ஒட்டுகிற இடத்திலெல்லாம் நான் தாராளமாக வர்ணம் வேறு பூசி வைத்திருந்தேன். பிசிறைச் சீவி, வர்ணத்தைச் சுரண்டிவிட்டுக் கூட்டை வைத்தேன், டக்கென்று உட்கார்ந்துகொண்டது. சத்தம் போட்டே சிரித்துவிட்டேன், அப்பா என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்தது உயரம். சக்கர அச்சு போகிற துளைகளைக் கொஞ்சம் மேலே தள்ளினால் வண்டி கீழே இறங்கும் என்று நானே யோசித்துக் கண்டுபிடித்தேன், நீ சிரிக்காதே. பழைய துளையை அடைத்துப் புதுத் துளை போட்டேன். வண்டி இறங்கியது, ஆனால் தொட்டால் ஆடியது. நம் சாப்பாட்டு மேசைதான் நடுவில் குழிந்தது என்று உனக்குத் தெரியுமே, அதனால் சமதளம் வேண்டும் என்று அப்பாவின் கடைக் கண்ணாடியை, வாடிக்கையாளர்கள் மூக்குக்கண்ணாடி போட்டு முகம் பார்க்கிறார்களே, சட்டம் கழன்று பழுதுக்கு வீட்டுக்கு வந்திருந்தது, அதை எடுத்து மேசையில் படுக்கப் போட்டு அதன்மேல் காரை நிறுத்தி வைத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் தருவாரா?

இனிமேல்தான் கண்ணு முக்கியமான கட்டம். கண்ணாடியைத் தேடிக்கொண்டு அவர் வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பந்தயக் காருக்குக் கீழே படுக்கப் போகிறேன் என்று நீ கிளம்பிய நாளிலிருந்து கார் என்ற பேச்சை எடுத்தாலே அந்த மனுஷர் எழுந்து போய்விடுவார். உன்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை, ‘அவகிட்ட சொல்லு’, ‘அவளைக் கேளு’ என்று என்னைத்தான் தபால்காரி ஆக்கி வைத்திருக்கிறார். ஆனால் கோணலாக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியுமா? கல்யாண வீட்டில்கூட முன்பின் தெரியாதவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி நிமிர்த்திக் கொடுக்கிற ஆள். காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முழங்கால் வலியோடு குனிந்து, கன்னத்தை மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இடது பின் சக்கரம் தரையில படல” என்றார். நீலத்தாளை ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் நுழைத்து இழுத்துக் காட்டினேன். மூன்று சக்கரம் கவ்விப் பிடித்தது, இடது பின் சக்கரத்துக்கு அடியில் தாள் தாராளமாக வந்துவிட்டது. “தட்டு முறுக்கிக்கிட்டிருக்கு. சக்கரத்துல கை வெக்காத” என்று சொல்லிவிட்டு அடித்தட்டைத் தனியாகக் கழற்றித் தரச் சொன்னார். பிரேம் வளைக்கிற மாதிரியே சுடுதண்ணீரில் முக்கி, இரண்டு விரலால் இதமாகத் திருப்பி, கண்ணாடிமேல் வைத்து ஆறும்வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். டீ ஆறிப்போயிற்று, கவலையே படவில்லை. திரும்பப் பூட்டிப் பார்த்தால் நாலு சக்கரமும் தாளைக் கவ்வுகிறது! காருக்கு நாலும் தரையில் பட்டுவிட்டது, எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை.

அதோடு போவார் என்று பார்த்தேன், போகவில்லை. “முன்பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்வா இருக்கணுமோ?” என்றார். ஆமாம், மூக்கு தாழ்ந்து பின்பக்கம் சற்று உயர்ந்துதான் நிற்க வேண்டுமாம், ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் அந்த உயரத்தை வைப்பதுதான் உங்க பொண்ணோட வேலை, தலைமுடி கனம் தப்பினாலும் வண்டி வளைவில் தறிகெட்டுப் போகுமாம் என்றேன். காரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு நுணுக்கமா? இதையா அவ பண்றா?” என்றார். கண்ணு, அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும், எனக்கு அழுகை வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காரைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு வழக்கம்போல, “முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு அவளைக் கேளு” என்றார். நான் சட்டென்று, எனக்கு அந்தக் கணக்கெல்லாம் மண்டையில் ஏறாது, மாற்றிச் சொல்லி வண்டியைக் கெடுத்துவிடுவேன், வேண்டுமானால் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை! நேற்று மறுபடி காரைப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கூப்பிடுவா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு, என் கைப்போனுக்கு வராதே, வீட்டுப் போனுக்குக் கூப்பிடு. நான் துணி காயப்போட மாடிக்குப் போய்விடுவேன். அவர் எடுப்பார். எப்படி இருக்கீங்க, என்மேல் கோபமா என்றெல்லாம் ஆரம்பிக்காதே, அழுதும் தொலைக்காதே, போனை வைத்துவிடுவார். காரைப் பற்றி மட்டும் பேசு. அளவை நிதானமாகச் சொல், ஏன் அந்த உயரம் என்று அவர் கேட்டால் பொறுமையாக விளக்கிச் சொல், அவருக்கு ஏன் என்று தெரியாமல் எதுவும் பிடிக்காது, உன்னைப் போலவேதான்.

உன் தம்பி புது வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று புலம்புகிறான், மற்றபடி எல்லோரும் நலம். குளிரில் கையுறை இல்லாமல் இரும்பைத் தொடாதே. வேலை மும்முரத்தில் சாப்பாட்டை மறக்காதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடி, உடம்பு நோகாமல், மனசு குறையாமல் நீ நீடூழி வாழ வேண்டும், இது என் ஆசி மட்டும் இல்லை, வாய் திறந்து சொல்லாத அடுத்த அறைக்காரருடையதும்தான்.

மறந்தே போனேன். நீ ஜீப்பு என்று சிரித்த அன்றைக்கே எனக்கு அளவைச் சொல்லிவிட்டாய், காருக்கும் தரைக்கும் நடுவில் நுழைத்து உயரம் பார்க்க அந்தக் கனத்துக்குத் தகடும் வெட்டித் தையல் பெட்டியில் பொத்தான்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவரிடம் மூச்சு விட்டுவிடாதே. நீ அவருக்குச் சொல்கிற அளவு எதுவானாலும் சரி, அப்போதுதான் தெரிந்த மாதிரி அவர் எதிரிலேயே புதிதாக வெட்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா