மூடியில் வைத்த புள்ளி

நாள் 212. 06:10
பாசித் தொட்டி வெப்பம் 31 பாகை. ஆக்சிஜன் வரத்து குறைவு. காரணம் பாசியைத் தாக்கும் வைரஸ், நேற்றே உறுதியாகிவிட்டது. எழுதுபவர் சுடலைவடிவு, உயிரியல் பிரிவு, நிலவுத் தென்முனை நிலையம். என்னைத் தவிர இங்கே இருப்பது பொறியாளர் ரொட்ரிகோ ஒருவன். எனக்கு மனநிலை சரியில்லை என்று எனக்குத் தெரியாமல் பூமிக்கு எழுதிப் போட்டவன். பதினொரு நாளாக அவனோடு பேச்சு இல்லை. அவன் ஒலிபெருக்கியில் பேசுவான். நான் பதில் சொல்வதில்லை.

நாள் 212. 09:40
பாசிக்குள் இரண்டு மரபணுக்களை ஏற்றப் போகிறேன். ஒன்று கத்தரி நொதிக்கானது. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஆறெழுத்து வரிசையைக் கண்டால் வெட்டிவிடும். வைரஸ் உள்ளே வந்ததும் துண்டாகும். அதே ஆறெழுத்து பாசியிடமும் இருக்கிறது. ஆகவே இரண்டாவது மரபணு, கவசம். பாசியின் அந்த இடங்களை அது மறைத்து வைக்கும். கவசம் இல்லாவிட்டால் பாசி தன்னையே அறுத்துக்கொண்டு சாகும்.

நாள் 212. 11:25
கவச மரபணுவை வெட்டி எடுக்க நான்கு குழாய்கள். வெட்டும் நொதி ஊற்றிய குழாயின் மூடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். இரண்டு முடித்தபோது தொட்டி அலாரம். போய்விட்டு வந்தால் நான்கு மூடியும் பளிச்சென்று இருக்கின்றன.

ஒலிபெருக்கி: "மேடம், ஒங்க மேசை ஒரே அழுக்கு. ஸ்பிரிட் போட்டு தொடச்சிட்டேன். குழாயெல்லாம் எடுத்து தொடச்சு வச்சிருக்கேன்."

எவற்றில் புள்ளி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்தக் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. கேட்கவில்லை. நான்கிலும் ஊற்றினேன். இரண்டில் நொதி இரட்டிப்பாகியிருக்கும். அது உறையாமலிருக்கக் கலந்த கிளிசரினும் இரட்டிப்பு. கிளிசரின் மிஞ்சினால் நொதி கண்ட இடத்தில் வெட்டும். தெரியும். கொஞ்சம் கூடினால் குடி முழுகிவிடாது.

நாள் 213. 08:00
துண்டுகளின் நீளத்தை ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு மின்சாரம் ஒதுக்குவது ரொட்ரிகோ. அவனிடம் போய்க் கையேந்த முடியாது. நான்கையும் கலந்து ஒட்டும் நொதியைப் போட்டேன். அதற்கு நல்ல துண்டு, கெட்ட துண்டு தெரியாது. முனை பொருந்தினால் ஒட்டிவிடும். ஒட்டியதைப் பாசியில் ஏற்றினேன். சோதித்தாயிற்று என்று பூமிக்கு எழுதினேன்.

நாள் 219. 10:30
புதுப் பாசி தொட்டி முழுக்கப் பரவிவிட்டது. நீல விளக்கை ஏற்றினால்தான் கத்தரி விழிக்கும்படி வைத்திருந்தேன். ஏற்றினேன்.

நாள் 220. 07:15
தொட்டி வெளுத்துவிட்டது. வைரஸ் இல்லை, பாசியும் இல்லை. கவசம் பாதியில் அறுபட்டிருக்கிறது. பிழை என்னுடையது. ரொட்ரிகோ மேசையைத் துடைத்ததால் வந்த கோளாறு என்று பூமிக்கு அனுப்பினேன். அப்படி அனுப்பியதில் வெட்கமில்லை, கொஞ்சம் சந்தோஷம்தான்.

மீட்புக் கப்பல் வர 38 நாள். இருக்கும் காற்று இருவருக்கு 19 நாள்.

நாள் 221. 14:20
ஒலிபெருக்கி: "மேடம், நிலையக் கணினில ஒங்க நாட்குறிப்ப வாசிச்சேன். அப்படியே பூமிக்கும் அனுப்பிட்டேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா. கரண்டும் தந்திருப்பேன். காத்து ஒரு ஆளுக்குத்தான் காணும். ஒங்க பக்கத்து வால்வ சாத்திட்டேன்."

கதவும் பூட்டியிருக்கிறது. அவன் இடத்தில் நான் இருந்தால் நேற்றே சாத்தியிருப்பேன்.

நாள் 221. 16:50
தலை வலிக்கிறது. விரல் தடுமாறுகிறது. கண்டெடுப்பவர் இதைத் திருத்த வேண்டாம். அவன் செய்தது கொலை. நான் செய்தது என்ன என்று

17:35
பேசும் பொத்தானை அழுத்தினேன். இருபது நாளில் முதல் முறை. அழுத்தியிருக்கும் வரை இரு பக்கமும் கேட்கும். பொத்தானை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுகிறான். நிதானமாக, நிறைய