மலரின் கையில் கரண்டித் தடம்

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே வெயில். ஆற்றில் தண்ணீர் வரவில்லை, குறுவை நெல் இந்த வருடமும் இல்லை. சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, கேட்க வேண்டும்.

என் நாலாம் வகுப்பில் மலர் இன்று இடது கையால் எழுதினாள். வலது கைக்காரி. சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தேன். தோளுக்குக் கீழே வெந்து, நீர் கோத்து. கரண்டியின் வட்டம் அப்படியே. பக்கத்தில் ஆறிப்போன பழைய வட்டங்கள் மூன்று.

"கஞ்சி கொட்டிருச்சு டீச்சர்."

கஞ்சி வட்டமாகவா கொட்டும்?

ஒன்பது வயது. அப்பா இறந்துவிட்டார். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். பெரியப்பா வீட்டில் வளர்கிறாள். வளர்கிறாளாம்!

ஜூலை 9, செவ்வாய்

தலைமையாசிரியரிடம் சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடிக்கக்கூட இல்லை.

"அது குடும்ப விஷயம்மா. நமக்கு எதுக்கு வம்பு? அடிக்காம எந்தப் பிள்ளை வளந்துச்சு?"

அவர் மேஜையில் பிரம்பு. என் மேஜையிலும் ஒன்று. போன வாரம் கரும்பலகையைக் காட்ட அதை எடுத்தபோது மலர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எழுதவே கூசுகிறது.

பிரம்பை முறித்துப் போட்டாயிற்று. சீயக்காய், தீப்பெட்டி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

மாலை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. இருந்தாலும் தெளிவாக இருக்க மாட்டாராம். பெரியம்மா மட்டும். இல்லை என்று சாதிப்பாள் என நினைத்தேன். சாதிக்கவில்லை.

"பாலைப் பொங்க விட்டுட்டா, சூடு வெச்சேன். எங்கம்மா எனக்கு வெக்கலையா? இந்தா பாருங்க." காலில் பழைய தழும்பு. "நான் என்ன செத்தா போயிட்டேன்? எனக்கே மூணு பிள்ளைங்க. நடவு வேலையும் இல்ல. இவ ஆத்தா அங்க ஏசில இருக்கா."

ஒரு கணம் இரக்கமாக இருந்தது. அதற்குள் மலர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், இடது கையில். இரக்கம் போய்விட்டது.

ஜூலை 11, வியாழன்

அரை நாள் லீவு. மலரை பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. "யார் செஞ்சது கண்ணு?" மலர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான், "பெரியம்மா." டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு போலீஸ் ஸ்டேஷன்.

"பெரியம்மாதானே, வேத்து ஆளா? கூப்பிட்டுக் கண்டிச்சு விடுறோம். கேஸெல்லாம் எதுக்கு டீச்சர்?"

"கரண்டியக் காய வெச்சுப் பிள்ளை மேல வெச்சா அது கேஸ் இல்லையா சார்?"

பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம். கடைசியில் புகாரை வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு பூத்திலிருந்து குவைத்துக்கு போன். மலரின் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள், "இங்க முதலாளி வீட்டுல ரெண்டு பிள்ளைங்க டீச்சர். நான்தான் ஊட்டித் தூங்க வெக்கிறேன். ஒருநா கை ஓங்குனதில்ல."

பாஸ்போர்ட் முதலாளியிடம். வர முடியாது. திருவையாற்றில் தம்பி இருக்கிறாராம், அவரிடம் மலரை ஒப்படைக்கச் சொன்னாள். இன்று மலர் என் வீட்டில். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

மாமா வந்தார். சைக்கிள் கடை வைத்திருப்பவர். மலரின் கையைப் பார்த்தார். "மாசம் ஒருதரம் வந்து பாத்திருந்தா போதுமே டீச்சர்." ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு மலரை அழைத்துப் போனார். பஸ் ஜன்னலில் மலர். கையசைக்கவில்லை. பார்த்துக்கொண்டே போனாள்.

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது என் காதில் விழவேண்டும் என்றே பேச்சு. "ஒரு குடும்பத்தையே பிரிச்சுட்டா." "கல்யாணமே ஆகல, பிள்ளை வளக்குறதப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?"

பெரியம்மா மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். ஊருக்கு வந்த கோபம் அதற்குத்தான். சூடு வைத்ததற்கு ஒருத்தருக்கும் வரவில்லை. என்னை மாற்றச் சொல்லி மனு வேறு எழுதுகிறார்களாம். எழுதட்டும்.

ஜூலை 20, சனி

மேகமூட்டம், மழை இல்லை. துணி துவைத்தேன். மாமா போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, புண் காய்கிறது.

சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி வந்தாள். ஆறுதல் சொல்லவாம். உட்காரச் சொல்லிவிட்டு காப்பி போடப் போனேன். பின்னாலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க செஞ்சது நல்லதுதான் டீச்சர். எங்களுக்கு எல்லாம் கேக்கும். பிள்ளை அம்மா அம்மான்னு கத்தும். பாவம், கேக்க முடியாது. டிவி சவுண்டக் கூட்டி வெச்சுக்குவோம்."

அடுப்பை அணைத்தேன். வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன டீச்சர்?"

"கிளம்புங்க."