மீன் எண்ணெய்ப் புட்டி

கண்ணு,

நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. என் முழங்காலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழைக்காலத்தில் மூட்டு வீங்கி, கிணற்று மேட்டுக்குக்கூட என்னால் போக முடியவில்லை. ஒரு நாள் காலை உன் அம்மா ஒரு கரண்டி மீன் எண்ணெயை நீட்டினாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். புட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.

“நம்ம ஆஸ்பத்திரியில எப்பலேர்ந்து கன்னடத்துல சீட்டு ஒட்றாங்க?” என்றேன்.

“குடிச்சா குடிங்க. இல்லன்னா மாட்டுக்கு ஊத்திடறேன்,” என்றாள்.

குடித்துவிட்டேன். அந்த நாற்றம் மத்தியானம் வரை தொண்டையை விட்டுப் போகவில்லை. ஆனாலும் மறுநாள் நானே கரண்டியைத் தேடினேன். பிரண்டைத் துவையலும் வெந்நீர் ஒத்தடமும் கூடவே நடந்தன. எது கேட்டது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் நேற்று யார் கையையும் பிடிக்காமல் பஸ் ஏறி, ஓசூர் சந்தைக்குப் போய் வந்தேன்.

உனக்கு ஏழாம் மாதம் என்று அம்மா சொன்னாள். வீடு மாடியில் என்றும் சொன்னாள். பரவாயில்லை, மெதுவாக ஏறிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறோம். புது ராகி மூட்டை கனமாக இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்கு மாப்பிள்ளையை வரச் சொல். அவருக்குத் தமிழ் வராவிட்டால் என்ன, எனக்குச் சந்தைக் கன்னடம் வரும்.

உன்னைப் பார்க்கப் புறப்படும்,
அப்பா