உப்பளக் கட்டுரையில் என் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். முதலில் கண்ணில் பட்டது அதுதான். அதை அப்புறம் சொல்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உப்பில் வெடித்த உன் கால் ஆறிவிட்டதா?

பள்ளியில் எங்கள் கட்டுரைகளை ஆன்லைனில் போடுவார்களே, அந்தப் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அக்கா மகள் சுபஸ்ரீக்குக் காட்டினேன். உன் உப்பள வேலையைப் பற்றிப் பத்தாம் வகுப்பில் நான் எழுதியது அப்படியே இருக்கிறது. என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் அந்த வட்டமும், ‘நீக்கப்பட்ட மாணவர்’ என்ற எழுத்தும்.

“நீயா எழுதின? பேரு எங்க கீது? சும்மா வுடாதடி” என்று சிரித்தாள்.

நான் டி.சி. வாங்கியதும் டீச்சர் என்னை வகுப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் போல. திருத்தலாம் என்று என் பழைய கணக்கில் மூன்று முறை உள்ளே போகப் பார்த்தேன். ‘நீங்கள் இந்த வகுப்பில் இல்லை’ என்றே வந்தது. டீச்சருக்குப் போன் போட்டு, மணி அடிக்கும் முன்பே கட் செய்துவிட்டேன். படிப்பைத்தானே விட்டேன், எழுதியதுமா என்னுடையது இல்லை?

பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதே. என் நீல அட்டை நோட்டைக் கரையானுக்கு விடாதே. இங்கிருந்து லீவுக்கு ஊருக்கு வரும் ஏசுவடியான் அண்ணனிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. இங்கே வாங்குவதில் மணமே இல்லை.

கம்பெனி பஸ் வரும் நேரமாகிவிட்டது. வெட்கப்பட்டு அந்தக் கட்டுரையை உனக்கு நான் வாசித்துக் காட்டியதே இல்லை. இப்போது தங்கச்சி உனக்கு வாசித்துக் காட்டுவாள். போனைப் பார்த்து முழுவதையும் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதினேன். கீழே என் பெயரையும் எழுதினேன்.

இசக்கிசெல்வி